சிவகாசியில் ஓ.எஸ். போடும் தொழில்

கெட்டுப்போன கணினியின் இயங்குதளத்தை அழித்துவிட்டு மறுபடி நிறுவும் வேலையை விருதுநகர் மாவட்டத்தில் ‘ஓ.எஸ். போடுவது’ என்பார்கள், ‘ஃபார்மட் அடிப்பது’ என்பதும் அதுவே. 1990-களின் நடுவில் தொடங்கிய இந்தச் சில்லறைத் தொழிலுக்குப் பெரிய பெயர்ப்பலகை கிடையாது. ஜெராக்ஸ் கடை, செல்போன் கடை, டிடிபி சென்டர், வீட்டின் முன்னறை என்று கிடைத்த இடத்தில் நடக்கும். மற்ற ஊர்களில் திரை எரிந்து, இணையம் வந்து, ஒரு பாட்டு ஓடினால் வேலை முடிந்தது. சிவகாசியில் அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்கும். அச்சகத்தின் தமிழ் எழுத்துருக்கள் பழையபடி வர வேண்டும், நேற்று வடிவமைத்த காலண்டர் தாள் இன்று ஒரு வரிகூட நகராமல் திறக்க வேண்டும், கம்பெனியின் கணக்கு தொலையாமல் இருக்க வேண்டும். இந்த ஊரின் ஓ.எஸ். வரலாறு பெருமளவில் இந்த மூன்றையும் காப்பாற்றிய, சில நேரம் காப்பாற்ற முடியாமல் போன வரலாறு.

சிவகாசிக்குக் கணினி வந்தது அச்சகத்தின் வழியாக, அச்சகம் வந்தது தீப்பெட்டியின் வழியாக. சிவகாசிக்காரர்களான பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை குறைந்த இந்த வானம் பார்த்த பூமியில் தீக்குச்சி சீக்கிரம் காய்ந்தது, தொழிலும் நிலைத்தது. பட்டாசு அதன் பின்னே வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் வண்ண லேபிள் வேண்டும். அதற்காக வந்த லித்தோ எந்திரங்கள் பிறகு ஆஃப்செட்டாக மாறின. காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று இந்தியா முழுவதற்கும் அடித்து அனுப்பும் ஊராகச் சிவகாசி வளர்ந்தது. 1990-களில் ஈய எழுத்துக் கோத்தவரின் இடத்தில் கணினியில் பக்கம் வடிவமைக்கும் டிடிபி ஆபரேட்டர் உட்கார்ந்தார். பல ஊர்களில் கணினி பள்ளிக்கூடத்துக்கோ வீட்டுக்கோ முதலில் வந்தது என்றால், இங்கே அது எந்திரங்களில் ஒன்றாக, உற்பத்தித் தளத்துக்கே வந்தது. ஆகவே அது படுத்துவிட்டால் அன்றைய கூலி நின்றது.

அதிலும் காலம் முக்கியம். அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவது சிவகாசியின் வழக்கம். அன்று தொடங்கும் ஆர்டர் மார்கழி வரை ஓயாது. கடைக்காரர் பெயரும் முகவரியும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான வடிவமைப்புகள் போய்க்கொண்டிருக்கும் அந்த மாதங்களில், ‘இரண்டு நாள் கழித்து வாருங்கள்’ என்று சர்வீஸ்காரர் சொல்ல முடியாது.

தொடக்க காலத்து வேலைமுறை நீளமானது. விண்டோஸ் 95 வந்தபோது சிடி இருந்தும் அதை நேரடியாக பூட் செய்ய வழியில்லை. முதலில் பிளாப்பியில் டாஸை ஏற்றி, சிடி டிரைவை அடையாளம் காட்டும் கோப்பைச் சேர்த்து, பிறகுதான் உள்ளே போக வேண்டும். 1998 ஜூனில் வெளிவந்த விண்டோஸ் 98-ன் பூட் பிளாப்பியில் பொதுவான சிடி டிரைவர்கள் இருந்தன. அந்த ஒரு பிளாப்பி கையில் இருந்தால் எந்த அசெம்பிள் செட்டையும் எழுப்பிவிடலாம் என்பதால் சர்வீஸ்காரர்கள் அதைப் பல பிரதிகள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பிளாப்பிக்குப் பூசணம் பிடிக்கும், காந்தம் பட்டால் அழியும். ஒரு பிரதியை நம்பி யாரும் வெளியே கிளம்புவதில்லை.

அடுத்தது எஃப்டிஸ்க் என்ற பிரிப்பு நிரல். ஹார்ட் டிஸ்கை சி, டி என்று இரண்டாகப் பிரிக்கும் பழக்கம் இந்தக் கட்டத்தில் வேரூன்றியது. விண்டோஸும் மென்பொருள்களும் சி-யில், வேலைக் கோப்புகள் டி-யில். விண்டோஸ் கெட்டால் சி-யை மட்டும் அழித்துவிட்டு மறுபடி போடலாம், டி-யைத் தொட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் இப்படிப் பிரிக்கச் சொல்லவில்லை. அடிக்கடி ஃபார்மட் அடிக்க வேண்டியிருந்த இடத்தில் தொழிலாளர்களே கண்ட பாதுகாப்பு இது, நல்ல பாதுகாப்பும்கூட. ஆனால் விண்டோஸ் தன் ‘மை டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறையையும் டெஸ்க்டாப்பையும் சி-யிலேயே வைத்தது. டெஸ்க்டாப்பில் போட்டது டி-யில் இருப்பதாக நினைத்துக்கொண்ட ஆபரேட்டர்களின் கோப்புகள் ஃபார்மட்டோடு போயின. ‘டெஸ்க்டாப்பில் ஏதாவது இருக்கா?’ என்பது இன்றைக்கும் இந்தத் தொழிலின் முதல் கேள்வி.

ஓ.எஸ். அடிக்கடி கெட்டதற்கு மென்பொருள் மட்டும் காரணமில்லை. அன்றைய விண்டோஸ் பயன்படுத்திய ஃபேட் கோப்பு முறையில், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புப் பட்டியலே குழம்பும். மறுபடி இயக்கும்போது ஸ்கேன்டிஸ்க் நீலத் திரையில் ஓடும். சில நேரம் சரியாகும், சில நேரம் ஒரு முக்கியமான கோப்பு காணாமல் போய் விண்டோஸ் ஏறாது. எக்ஸ்பியோடு பரவலான என்.டி.எஃப்.எஸ். முறை தன் மாற்றங்களைக் குறிப்பெடுத்துக்கொண்டே எழுதுவதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஆனால் மின்வெட்டு குறையவில்லை. 2008-ல் தொடங்கி 2013 வரை நீண்ட பற்றாக்குறையில், 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாத நிலை வந்தது. பாட்டரி வலுவிழந்த யுபிஎஸ்ஸை நம்பி ஓடிய கணினிகளுக்கு இது பெரிய சோதனை. இன்ஸ்டாலேஷன் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்; மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து வேலையைத் தொடங்குவது அந்த ஆண்டுகளின் தொழில் நியதி. லேப்டாப்புக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை, பாட்டரி நன்றாக இருந்தால்.

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வெளியானது. சிடியிலிருந்தே நேராக பூட் ஆகும், நீலத் திரையில் பகுதியைத் தேர்ந்து அழுத்தினால் தானே ஓடும். ‘39 நிமிடம்’ என்று ஒரு கணக்குக் காட்டும். அது உண்மையான நேரம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 34 நிமிடத்தில் அது நின்றுபோனால் சாதனங்களை அடையாளம் காணும் கட்டத்தில் ஏதோ இடிக்கிறது என்று பொருள். கூடுதல் கார்டு, யுஎஸ்பி பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி தொடங்குவார்கள். கோப்பு நகலெடுக்கும் கட்டத்திலேயே ‘இந்தக் கோப்பை நகலெடுக்க முடியவில்லை’ என்று வந்தால் சிடியில் கீறல் இருக்கலாம், ரேம் கெட்டிருக்கலாம், ஹார்ட் டிஸ்கில் பழுதான பகுதி இருக்கலாம். மூன்றையும் பிரித்தறிய ஒரே வழி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது: முதலில் வேறு சிடி, அடுத்து ரேமைக் கழற்றித் துடைத்து வேறு ஸ்லாட்டில் செருகுவது, கடைசியாக வேறு டிஸ்க். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பில் நின்றால் ரேம், ஒரே கோப்பில் நின்றால் சிடி என்பது அனுபவக் கணக்கு. பெரும்பாலும் சரியாகவே இருந்தது. வெயில் கொளுத்தும் இந்த ஊரில் பிராசசர் விசிறியில் தூசி அடைத்து, சூட்டினால் தானே அணையும் எந்திரங்களுக்கும் ‘ஓ.எஸ். போச்சு’ என்றே சொல்லி ஃபார்மட் அடித்ததும் உண்டு. பிரஷ்ஷில் துடைத்தால் தீர்ந்திருக்கும்.

எக்ஸ்பி கொண்டுவந்த புதிய தலைவலி ஆக்டிவேஷன். வாங்கிய பிரதி எந்தக் கணினியில் இருக்கிறது என்பதை அது நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். இந்தியச் சிறுநகரங்களில் இதற்குக் கிடைத்த பதில் எல்லோரும் அறிந்தது: பெரிய நிறுவனங்களுக்கென வழங்கிய மொத்த உரிமச் சாவிகள் கைக்குக் கை பரவின, ஒரே சிடி ஊர் முழுக்கச் சுற்றியது. 2008-ல் மைக்ரோசாஃப்ட் உரிமமற்ற எக்ஸ்பியின் திரைப்பின்னணியை அவ்வப்போது கறுப்பாக்கத் தொடங்கியபோது, வைரஸ் வந்துவிட்டதாக நினைத்து ஃபார்மட் அடித்தவர்களும் இருந்தார்கள். சோதிக்கப்படாத கிராக் கோப்புகளோடு உண்மையான வைரஸ்களும் வந்தன. சில மாதத்துக்கு ஒருமுறை ஓ.எஸ். போட வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். தொழிலைத் தாங்கிய காரணம் என்றும் சொல்லலாம்.

இதுவரை சொன்ன தொழில்நுட்பமெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். சிவகாசியின் தனிக்கதை தமிழ் எழுத்தில் இருக்கிறது.

1990-களின் டிடிபி தமிழுக்குப் பொதுவான குறிமுறை கிடையாது. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களைத் தன் விருப்பப்படி ஏற்றி வைத்தது. ஒன்றில் ‘அ’ இருக்கும் இடத்தில் இன்னொன்றில் ‘ளு’ இருக்கும். பாமினி, ஸ்ரீலிபி, வானவில் என்று ஒவ்வொன்றும் தனி உலகம். ஆபரேட்டர்கள் தமிழ்த் தட்டச்சு படித்துவிட்டு வந்தவர்கள், ஆகவே விசைப்பலகை பழைய தட்டச்சு முறையில் இருக்க வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு தாம், தாப் என்ற குறிமுறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. அச்சகங்கள் அதற்குள் பல ஆண்டுக் கோப்புகளை வேறு முறைகளில் சேர்த்துவிட்டிருந்தன. தரம் வந்ததும் மாறிவிட அவற்றால் முடியவில்லை.

இந்த நிலையில் ஓ.எஸ்.-ஐ மறுபடி போட்டால் என்ன ஆகும்? பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் கோப்பு திறக்கும், ஆனால் எழுத்துரு இல்லாததால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் குப்பையாக நிற்கும். உள்ளே இருக்கும் செய்தி கெடவில்லை, அதைக் காட்டும் முகம் தொலைந்திருக்கிறது. எழுத்துருவை மறுபடி ஏற்றினால் தமிழ் வரும். ஆனால் அதே பெயரில் வேறு பதிப்பு ஏறினால் எழுத்தின் அகலம் மயிரிழை மாறி, வரிகள் உடைந்து, தினசரிக் காலண்டரில் ராகு காலம் ஒரு கட்டம் கீழே இறங்கிவிடும். பஞ்சாங்கக் குறிப்புகளை அடுக்கிய ஒரு தாளில் இது சின்ன விஷயமில்லை. 365 தாள்களையும் மறுபடி படித்துத் திருத்த வேண்டும். ஆகவே விஷயம் தெரிந்த சர்வீஸ்காரர்கள் ஃபார்மட்டுக்கு முன் சி-யின் ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையை முழுவதுமாக டி-க்கு நகலெடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த எழுத்துரு சிடியைவிட அந்தக் கணினியிலேயே இருந்த பதிப்புதான் பாதுகாப்பு என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஹார்ட்வேர் பூட்டோடு வந்த மென்பொருளாக இருந்தால் அந்தப் பூட்டுக்குரிய டிரைவரையும் போட வேண்டும். பிரிண்டர் போர்ட்டில் செருகும் பூட்டு, அந்தப் போர்ட்டே இல்லாத புதிய லேப்டாப் வந்ததும் பயனற்றுப் போனது.

இதற்கு அச்சுத் தொழில் கண்ட இன்னொரு வழி, முடிந்த வேலையில் எழுத்தை எழுத்தாக வைக்காமல் கோட்டு வடிவமாக மாற்றிவிடுவது. வரைகலை மென்பொருளான கோரல்டிராவில் ‘கர்வ்’ ஆக்கிவிட்டால் பிளேட் போடும் இடத்தில் எழுத்துரு தேவையில்லை. அச்சுக்கு அது நல்லது. அடுத்த வருடம் ஆர்டர்காரர் தொலைபேசி எண்ணை மாற்றச் சொல்லும்போது மட்டும், திருத்த முடியாத படமாக அது நிற்கும். கர்வ் ஆக்கியது ஒன்று, ஆக்காதது ஒன்று என இரண்டு கோப்புகள் வைக்கும் பழக்கம் அதனால் வந்தது.

யூனிகோடு தமிழ் 2000 வாக்கில் புழக்கத்துக்கு வந்தும் சிக்கல் தீரவில்லை. விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவோடு தமிழ் முதல்முறையாக இயங்குதளத்துக்குள்ளேயே வந்தது. ஆனால் எக்ஸ்பியை இயல்பாக நிறுவினால் தமிழ் சரியாகத் தெரியாது. ‘கொ’ போன்ற எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் அமர வேண்டும். அதை அமர்த்தும் கோப்புகள் தனியாக இருந்தன. கண்ட்ரோல் பேனலில் மொழிகளுக்கான பகுதியில் ஒரு கட்டத்தை டிக் செய்ய வேண்டும், உடனே அது எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடி இல்லையென்றால் கதை முடிந்தது. தமிழ்ச் செய்தித் தளங்கள் கட்டம் கட்டமாகவும் புள்ளி வட்டமாகவும் தெரிந்த கணினிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு டிக் விடுபட்டவை. பிறகு தட்டச்சுக்கு இ-கலப்பை, அழகி, என்.எச்.எம். ரைட்டர் ஆகியவற்றில் ஒன்றை ஏற்ற வேண்டும். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. யூனிகோடு ஒத்துவராத மென்பொருள்களுக்கு டேஸ் 16 என்ற முறையையும் அனுமதித்தது. அரசு அலுவலகங்கள் மெல்ல மாறின. அச்சகங்கள் அதைவிட மெல்ல மாறின. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது, யூனிகோடு தமிழ் அதற்குப் புரியாது. பழைய கோப்புகள் எல்லாம் அதில்தான் இருந்தன. புதிய லேப்டாப் வாங்கியவர்கள்கூட ஒரு மூலையில் எக்ஸ்பி கணினி ஒன்றை, இணையத்தோடு இணைக்காமல், பழைய வேலைக்காக உயிரோடு வைத்திருந்ததற்குக் காரணம் இதுவே.

லேப்டாப்புகள் பரவியபோது ஓ.எஸ். போடுவது வேறு தன்மை பெற்றது. அசெம்பிள் கணினியில் எதையும் கழற்றிப் பார்க்கலாம். லேப்டாப்பில் முடியாது, பிளாப்பி டிரைவும் இல்லை. 2006 வாக்கில் வந்த சாட்டா டிஸ்க் கொண்ட லேப்டாப்புகளில் எக்ஸ்பி சிடியைப் போட்டால் டிஸ்கே தெரியாது, அல்லது 7பி என முடியும் எண்ணோடு நீலத் திரை விழும். டிஸ்கை அணுகும் டிரைவரை எஃப் 6 விசை அழுத்திப் பிளாப்பியில் கொடு என்று எக்ஸ்பி கேட்கும். கொடுக்கப் பிளாப்பி கிடையாது. பயாஸில் சாட்டா முறையைப் பழைய ஐ.டி.இ. முறைக்கு மாற்றுவது குறுக்கு வழி, டிரைவரை உள்ளேயே சேர்த்துப் புதிய சிடி தயாரிப்பது நேர் வழி. முதல் வழி தெரிந்தவர் சர்வீஸ்காரர், இரண்டாவதும் தெரிந்தவர் கெட்டிக்காரர்.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிப்பவர்களுக்கு ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம், முதல் ஆண்டில் மட்டும் 9.12 லட்சம் என்பது திட்டம். விருதுநகர், சாத்தூர், திருவில்லிபுத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் கூலி வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகள் பலருக்கு வீட்டின் முதல் கணினி இதுவாகத்தான் இருந்தது. கொள்முதலைத் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் செய்தது. 1977-ல் தொடங்கப்பட்ட எல்காட், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண் இயக்குநராக இருந்த ஆண்டுகளில் தன் அலுவலகக் கணினிகளையே லினக்ஸுக்கு மாற்றிய நிறுவனம். இருந்தாலும் 2011 ஒப்பந்தப்புள்ளியில் விண்டோஸ் 7-ன் எளிய பதிப்பும் லினக்ஸும் சேர்ந்தே கேட்கப்பட்டன. கட்டற்ற மென்பொருள் ஆதரவாளர்கள் அதை எதிர்த்தார்கள். முடிவில் மாணவரின் கைக்கு வந்தது, ஒரே டிஸ்கில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்த எந்திரம். பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இந்திய இயங்குதளம்.

லேப்டாப்பை இயக்கியதும் எதில் நுழைய வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதைக் காட்டும் கிரப் என்ற சிறுநிரலின் அமைப்பில்தான் வரப்போகும் தொல்லை இருந்தது. டிஸ்கின் முதல் 512 பைட்டில் கிரப்பின் தொடக்கத் துண்டு இருக்கும், மீதி உடல் லினக்ஸ் பகுதிக்குள் இருக்கும். இரண்டு குடித்தனம் இருக்கும் வீட்டின் பொதுவாசல் சாவி ஒரு குடித்தனத்தின் அலமாரியில் இருப்பதைப் போன்றது இது. பாஸ் வேண்டாம், இடம் அடைக்கிறது, விண்டோஸ் போதும் என்று நினைத்த மாணவர் விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பகுதியை அழித்தார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இயக்கினால் கறுப்புத் திரை, ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற ஒரு வரி, அதற்கு மேல் எதுவும் இல்லை. விண்டோஸ் பத்திரமாகவே இருக்கிறது, போகும் வாசல்தான் இல்லை. விண்டோஸ் 7 டிவிடியில் பூட் செய்து, கட்டளைத் திரையில் ‘பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்று ஒரு வரி தட்டினால் இரண்டு நிமிடத்தில் சரியாகும். அது தெரியாத இடங்களில் முழு டிஸ்கையும் ஃபார்மட் அடித்தார்கள். பிராஜெக்ட், படங்கள், தயாரிப்பாளர் தந்த மீட்புப் பகுதி, உரிமமுள்ள விண்டோஸ் எல்லாம் போய், உரிமமில்லாத ‘அல்டிமேட்’ ஒன்று ஏறியது. அரசு காசு கொடுத்து வாங்கிய உரிமத்தை அழித்துவிட்டுத் திருட்டுப் பிரதியைப் போட்டு, அதற்குக் கூலியும் கொடுத்த விசித்திரம் இப்படி நடந்தது.

எதிர்த் திசையிலும் இதே சிக்கல் உண்டு. விண்டோஸ் கெட்டு அதை மட்டும் மறுபடி போட்டால், அது முதல் 512 பைட்டில் தன் நிரலை எழுதிவிடும். பக்கத்தில் லினக்ஸ் இருப்பதை விண்டோஸ் கண்டுகொள்ளாது. பட்டியல் மறைந்து பாஸ் போய்விட்டதாகத் தோன்றும். லைவ் சிடியில் ஏறி கிரப்பை மறுபடி எழுதினால் திரும்ப வரும். இரண்டையும் போடும்போது முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வரிசை விதி இதிலிருந்து பிறந்தது.

பாஸ் பெருமளவில் அழிக்கப்பட்டதற்கு அதன் குறைகளை மட்டும் சொல்வது நியாயமில்லை. கேரளத்தில் 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் லினக்ஸைப் பள்ளிப் பாடமாகவே ஆக்கி, ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. அங்கே அந்த இயங்குதளத்தைத் தெரிந்த மனிதர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்தார்கள். தமிழ்நாட்டில் லேப்டாப் வந்த வேகத்துக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு வரவில்லை. மாணவருக்கு வேண்டிய வேலைப் பயிற்சியும் விண்டோஸிலேயே இருந்தது: சிவகாசியில் டிடிபி, கோரல், போட்டோஷாப், எங்கும் கணக்குக்கு டாலி. 2014 ஏப்ரல் 8-ல் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. அச்சகங்களில் அந்தப் பேச்சே எழவில்லை.

டாலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓ.எஸ். போடும்போது நேர்ந்த பெரிய இழப்புகள் பல அதன் பெயரில்தான் எழுதப்படும். டாலி ஈ.ஆர்.பி. 9 தன் கணக்குத் தரவை இயல்பாக சி டிரைவில், தன் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே வைத்தது. மென்பொருள்தானே, மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று அந்தக் கோப்புறையை விட்டுவிட்டு சி-யை அழித்தால் கணக்கு மொத்தமும் போனது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பட்டாசுக் கம்பெனிகளிலும் காகித வியாபாரிகளிடமும் இது உயிர்நிலைக் கேள்வியானது. டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய யுஎஸ்பி டோக்கனுக்கும் தனி டிரைவர் வேண்டும். வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அலுவலகம் சிவகாசியிலேயே இருந்தாலும் விண்ணப்பங்கள் இணைய வழிக்குப் போய்விட்டன. ஓ.எஸ். போட்டுக் கொடுத்த கணினியில் டோக்கன் வேலை செய்யவில்லை என்றால் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை.

2012 அக்டோபரில் விண்டோஸ் 8-ஓடு யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய பூட் முறை பரவலானது, அதன் பிறகு பழைய கைத்திறன் பாதி செல்லாமல் போனது. முதல் 512 பைட் வாசல் போய்விட்டது. அதற்குப் பதிலாக டிஸ்கில் தனியாக ஒரு சிறு பகுதி வந்தது, ஒவ்வொரு இயங்குதளமும் அங்கே தன் கோப்பை வைக்கும். கையொப்பமில்லாத எதையும் ஏற்ற விடாத செக்யூர் பூட் வந்தது. விண்டோஸ் 8 பிடிக்காமல் 7 கேட்ட வாடிக்கையாளருக்காக, பயாஸில் பழைய முறைக்கு மாற்றி, டிஸ்கின் பகுதி அட்டவணையையே அழித்து வேலை பார்க்க வேண்டியிருந்தது. சிடிக்குப் பதில் பென்டிரைவ் வந்ததும் இந்தக் காலத்தில்தான். 2015-ல் வந்த இன்டெல்லின் ஆறாம் தலைமுறை லேப்டாப்பில் விண்டோஸ் 7 பென்டிரைவைச் செருகினால், அதே பென்டிரைவிலிருந்து ஓடத் தொடங்கிய நிறுவல், சிறிது நேரத்தில் ‘சிடி டிரைவுக்கான டிரைவர் இல்லை’ என்று நிற்கும். அதற்கு யுஎஸ்பி 3.0 தெரியாது என்பதே உண்மைப் பொருள். செய்தியில் சொன்னதை நம்பி, இல்லாத சிடி டிரைவுக்கு டிரைவர் தேடியவர்கள் ஏராளம்.

2015 ஜூலை 29-ல் வந்த விண்டோஸ் 10 தொழிலின் வருமானத்தைக் குறைத்தது. உரிமச் சாவி தாய்ப்பலகையிலேயே பதிந்திருந்தது அல்லது இணையத்தில் கணினியின் அடையாளத்தோடு சேர்ந்திருந்தது. டிரைவர்களை அதுவே தேடிப் போட்டுக்கொண்டது. ‘ரீசெட்’ என்ற ஒரு பொத்தானில் வீட்டிலேயே வேலை முடிந்தது. மெதுவாகிவிட்டது என்று வரும் லேப்டாப்புக்கு ஃபார்மட்டைவிட எஸ்.எஸ்.டி. மாற்றுவதே மருந்து என்றானது. ஆனால் எழுத்து மறுபடியும் இடித்தது. லதா, விஜயா எழுத்துருக்கள் விண்டோஸ் 10-ல் இயல்பாக வராமல், தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பாகத் தனியே ஏற்ற வேண்டியவையாயின. லதாவில் தட்டச்சு செய்த பழைய ஆவணம் புதிய கணினியில் நிர்மலா என்ற வேறு எழுத்துருவில் திறந்து பக்கம் மாறியதற்குக் காரணம் இதுதான்.

விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5-ல் வந்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் அதற்கு வேண்டும். விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வந்த லேப்டாப்புகள் எதுவும் இதில் தேறாது. புதிய லேப்டாப்புகளில் எக்ஸ்பி காலத்துச் சிக்கல் வேறு உருவில் திரும்பியது. இன்டெல் பதினோராம் தலைமுறை முதல் பல மாடல்களில் நிறுவல் திரையில் டிஸ்க் பட்டியல் காலியாகவே வரும். வி.எம்.டி. என்ற அடுக்கின் பின்னால் எஸ்.எஸ்.டி. மறைந்திருப்பதால் அதற்குரிய டிரைவரைப் பென்டிரைவில் கொடுக்க வேண்டும், அல்லது பயாஸில் வி.எம்.டி.-யை அணைக்க வேண்டும். எஃப் 6 பிளாப்பியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. உண்மையில் புதிது பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த லேப்டாப்பில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் ஆகியிருக்கலாம். மீட்புச் சாவி இல்லாமல் அந்த டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எடுக்கும் பழைய வித்தை பலிக்காது. சி-யை அழித்தாலும் டி இருக்கும் என்று முப்பது ஆண்டுகளாக நம்பிய பழக்கமும் இங்கே செல்லாது. டி-யும் பூட்டியிருந்தால், விண்டோஸை அழிக்கும் முன்பே அதைத் திறந்து நகலெடுக்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதே ஆண்டு மார்ச் 14-ல், அப்போது விருதுநகர் மாவட்டம் திருச்சுழி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் நிதியமைச்சராகவும் இருந்த தங்கம் தென்னரசு தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கும் அறிவிப்பு இடம்பெற்றது. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத பழைய எந்திரங்கள் கடைகளுக்கு இப்போது மூன்று வேலைகளாக வருகின்றன: கட்டுப்பாட்டை ஏய்த்து 11 போடுவது, இலகுவான லினக்ஸ் போடுவது, பழைய பேஜ்மேக்கர் கோப்புகளுக்காக இணையத்தைத் துண்டித்து விண்டோஸ் 7-லேயே ஓட்டுவது. சிவகாசி டிடிபி சென்டர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்றாவதை.